போலீஸ் மாறுமா? குமுளி எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள–தமிழக எல்லையில் இருக்கிற குமுளியில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். தமிழிலும் எழுதுவேன், மலையாளத்திலும் எழுதுவேன். கம்பத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள், வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள், லாரி டிரைவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். பாதி மனு போலீஸ் சம்பந்தப்பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இவங்க எப்பவாவது மாறுவாங்களாண்ணே?"

அதற்குப் பதில் தேடித்தான் மற்ற நாடுகளில் போலீஸை எப்படி மாற்றினார்கள், எங்கே தவறவிட்டார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். தேனி மாவட்டத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற என் மச்சான், ஸ்டேஷனுக்குள் நடப்பதைச் சொல்லி என் பதில்களைத் திருத்தினார். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

போலீஸ்ல மாற்றம் கொண்டாறோம்கிறாங்களே, புது ஜீப்பு, புது கட்டடம் தானே?

அதுவும் ஒரு பங்கு, ஆனால் சிறு பங்கு. போலீஸ் மாறியதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்விகள் நாலு. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தருகிறார்களா? தப்புச் செய்த போலீஸ்காரரை யார் விசாரிக்கிறார்கள்? கடைநிலைக் காவலரின் ஒரு நாள் எப்படிப் போகிறது? ஆளுங்கட்சிக்காரர் போன் செய்தால் அதிகாரிக்கு மறுக்க முடிகிறதா? இந்த நாலும் பழையபடியே இருந்தால், ஜீப் எவ்வளவு புதுசாக இருந்தும் பயனில்லை.

மச்சான் இதையே வேறு மாதிரி சொல்வார். ஸ்டேஷனில் எது மாறினாலும் கடைசியில் ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் பதிவேடு எழுதுகிற காவலர், அவர் மேசைக்கு வந்து சேர வேண்டும். மேலிருந்து வரும் சுற்றறிக்கை அந்த மேசையில் ஃபைலுக்குள் போய்விட்டால் அங்கேயே முடிந்தது. அது ரைட்டர் எழுதும் பதிவேட்டை மாற்றினால்தான் வாசலில் நிற்கிற நமக்குத் தெரியும்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். ஒரே நாடு தானே, ஏன் வேற வேற?

அரசியல் சட்டப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் கேரளத்துக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டுக்கு அதன் சொந்தச் சட்டங்கள். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. பீர்மேடும் தேவிகுளமும் அந்தப் பக்கமே நின்றன. அன்றைக்குப் போட்ட கோடுதான் இன்றும் நீங்கள் "ஐயா" என்று கூப்பிட வேண்டுமா, "சாரே" என்று கூப்பிட வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது.

வேர் மட்டும் ஒன்றுதான். சென்னை மாகாணத்துக்கு 1859இல் ஒரு போலீஸ் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 1861இல் இன்னொன்று. 1857 கலகத்தின் பயம் அடங்காத காலம் அது. லண்டனில் 1829இல் ராபர்ட் பீல் அமைத்த, ஆயுதம் இல்லாமல் தெருவில் நடக்கும் போலீஸை இங்கே கொண்டுவரவில்லை. அயர்லாந்து மக்களை அடக்கி வைக்க உருவான, பாளையத்தில் தங்கி ஆயுதம் தாங்கும் படையைத்தான் மாதிரியாக எடுத்தார்கள். இந்த அயர்லாந்து விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

பீட் சாரு வீடு வீடா வர்றாரு. நல்லதுக்கா, வேவு பார்க்கவா?

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற பெண்கள் கேட்கிற கேள்வி. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். லயத்துக்குக் காக்கிச் சட்டை வந்தாலே யாரையோ பிடிக்கத்தான் என்று பழகிய ஜனம். பீட் அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பழகுகிற ஜனமைத்ரி சுரக்ஷா திட்டம் 2008 மார்ச்சில் கேரளத்தில் 20 ஸ்டேஷன்களில் தொடங்கி, பிறகு பரவியது. ஒரு பீட் அதிகாரிக்குச் சுமார் 500 வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையாவது அவருக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்களை வைத்து ஒரு சமிதியும் உண்டு.

ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் கோபான் என்ற தெருமுனைக் காவல் சாவடியும் இதே எண்ணம்தான். வழி கேட்கவும், தொலைந்த குடையை ஒப்படைக்கவும் மக்கள் அங்கே போகிறார்கள். சிங்கப்பூர் அதைப் பார்த்து 1983இல் குடியிருப்புகளுக்கு நடுவே சிறு சிறு போலீஸ் நிலையங்களை வைத்தது. போலீஸ்காரர் முதலில் பார்க்கிற முகம் குற்றவாளியின் முகமாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் முகமாக இருந்தால், அவர் பேசும் விதம் மாறும் என்பதுதான் கணக்கு.

வேவா என்றால், அது அவர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. வயதானவர் தனியாக இருக்கிறார், குடித்துவிட்டு அடிக்கிற வீடு என்றெல்லாம் எழுதினால் நமக்கு நல்லது. யார் எந்தச் சங்கத்தில், யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று எழுதினால் அது வேவுதான். சமிதிக் கூட்டத்தில் இதை நேராகவே கேளுங்கள். பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

நம்ம பக்கம் ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்னு பசங்க சுத்துனாங்களே, அது என்னாச்சு?

1993இல் ராமநாதபுரத்தில், அன்றைய எஸ்.பி. பிரதீப் பிலிப் தொடங்கியது. மக்களில் சிலர் போலீஸோடு சேர்ந்து நடந்தால் இடைவெளி குறையும் என்பது எண்ணம். வருஷங்கள் போகப் போக, பல இடங்களில் அந்தப் பசங்கள் மக்களின் நண்பர்களாக இல்லாமல் ஸ்டேஷனின் எடுபிடிகளாக ஆனார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, இவர்கள் பேரும் குற்றச்சாட்டில் அடிபட்டது. அடுத்த மாதமே தமிழக அரசு அமைப்புக்குத் தடை போட்டது.

ஜனமைத்ரிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அங்கே பழக வேண்டிய பொறுப்பு, அடையாள எண் உள்ள போலீஸ்காரர் மேல் இருக்கிறது. இங்கே அது சீருடை இல்லாத, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத இளைஞர்கள் கைக்குப் போய்விட்டது.

எல்லாரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டு, புது ஆளா எடுத்தா சரியாயிடாதா?

ஜார்ஜியாவில் அப்படித்தான் செய்தார்கள். ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கிற சின்ன நாடு. போக்குவரத்துப் போலீஸ் சாலையில் காசு பிடுங்குவதற்கே பேர் போனது. 2003 கடைசியில் மக்கள் எழுச்சியால் ஆட்சி மாறி, சாகஷ்விலி 2004இல் அதிபரானார். அந்த வருஷமே போக்குவரத்துப் போலீஸை அடியோடு கலைத்தார்கள். பதினைந்தாயிரம் பேர் அளவில் வேலை போனது. புதிதாகத் தேர்வு வைத்து ரோந்துப் போலீஸ் எடுத்தார்கள், சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள், வெளியிலிருந்து உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவர் வைத்து ஸ்டேஷன் கட்டினார்கள். சாலையில் லஞ்சம் வேகமாகக் குறைந்தது. இது உண்மையான வெற்றி.

ஆனால் 2007 நவம்பரில் தலைநகர் திபிலிசியில் அரசை எதிர்த்துக் கூடியவர்களை உள்துறை அமைச்சகத்தின் போலீஸே அடித்து விரட்டியது. சாலையில் காசு வாங்குவது நின்றது, ஆட்சியாளர் சொல்படி ஆடுவது நிற்கவில்லை. போலீஸை வெளியிலிருந்து விசாரிக்க வலுவான அமைப்பு எதையும் அவர்கள் கட்டவில்லை. முதல் கேள்வியில் சொன்ன நாலில் இரண்டைச் சரிசெய்து, இரண்டை அப்படியே விட்டுவிட்டார்கள். சின்ன நாட்டில், புரட்சி முடிந்த சூட்டில் செய்ததை நம் மாநிலங்களில் செய்ய முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போ உருப்படியா மாத்திக் காட்டுனது எந்த ஊர்?

நான் எப்போதும் சொல்வது வட அயர்லாந்து. மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, நம் போலீஸுக்கு மாதிரியாக இருந்த அந்த ஐரிஷ் படை, அதன் நேர் வாரிசுதான் 1922இல் உருவான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. ஆகவே இது நம் பங்காளி வீட்டுக் கதை. அங்கே கத்தோலிக்கர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல், போலீஸில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். அவர்கள் போலீஸை எதிரிப் படையாகப் பார்த்தார்கள். போலீஸ் தரப்பிலும் முப்பது வருஷ மோதலில் முந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1998இல் சமாதான ஒப்பந்தம். கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணையம் 1999இல் 175 பரிந்துரைகள் கொடுத்தது. 2001 நவம்பரில் படையின் பேர் மாறியது. புதிதாக எடுக்கும் ஆட்களில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று பத்து வருஷத்துக்கு விதி. பழைய அதிகாரிகளை அவமானப்படுத்தி வெளியேற்றாமல், நல்ல தொகை கொடுத்து விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். 2011இல் விதி முடிந்தபோது நூற்றுக்கு முப்பது பேர் கத்தோலிக்கர்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 175 பரிந்துரையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்துச் சொல்வதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு மேற்பார்வை ஆணையரை நியமித்தார்கள். அவர் அலுவலகம் 2007 வரை விடாமல் அறிக்கை போட்டது. "அரசாணை போட்டாச்சு" என்பதை அவர்கள் பதிலாக ஏற்கவில்லை, செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி அதிகாரி, அவருக்குத் தனி விசாரணை ஆட்கள். அரசியல்வாதிகள் பத்துப் பேரும் பொதுமக்கள் ஒன்பது பேருமாக ஒரு வாரியம், அதற்குத் தலைமை அதிகாரி பதில் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் ஒதுங்கி நின்ற, கத்தோலிக்கர் தரப்புக் கட்சியான சின் ஃபெயின் 2007 ஜனவரியில் போலீஸை ஏற்றது. இதில் எதுவும் ஒரே நாளில் நடந்ததில்லை. பாதிக்குப் பாதி விதி போன பிறகு கத்தோலிக்கர் எண்ணிக்கை அந்த முப்பதை ஒட்டியே தேங்கி நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேரையும் தொப்பி முத்திரையையும் மாத்துறதுக்கா இவ்வளவு?

அந்த 175இல் அதிகக் கண்ணீர் வந்தது இதற்குத்தான். கணவனை இழந்த போலீஸ் குடும்பங்கள், "அந்தப் பேரில்தானே செத்தார், பேரை அழித்தால் அவரையும் அழிப்பது போல" என்ற வேதனையில் இருந்தார்கள். 2000 ஏப்ரலில் பழைய படை முழுவதற்கும் வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருதை ராணி நேரில் வந்து கொடுத்தார். பழைய பேர் சட்டத்தில் ஓர் ஓரமாக இருக்கட்டும் என்று விட்டார்கள். புதிய முத்திரையில் கிரீடமும் வைத்தார்கள், ஐரிஷ் யாழும் மூவிலைச் செடியும் வைத்தார்கள். இரு தரப்பும் தன் அடையாளத்தைத் தேடினால் அதில் கண்ணில் படும். மாற்றம் என்று கிளம்புகிறவர்கள் இழப்பவர்களின் துக்கத்துக்கு இடம் கொடுத்தால்தான் உள்ளிருந்து எதிர்ப்பு குறையும்.

தென்னாப்பிரிக்கா 1995இல் "படை" என்பதைச் "சேவை" ஆக்கி, ராணுவப் பதவிப் பெயர்களை எடுத்தது. 2010இல் "ஜெனரல்" எல்லாம் திரும்ப வந்தன. இரண்டு வருஷம் கழித்து மாரிகானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்கள் ஒரே நாளில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதவிப் பேர்தான் சுட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பேரால் கூப்பிடுகிறோமோ அந்த நினைப்பும் கூடவே வரும்.

சின்னச் சின்ன ஸ்டேஷன், கன்ட்ரோல் ரூம் எல்லாத்தையும் ஒண்ணாக்கினா செலவு மிச்சம் தானே?

ஸ்காட்லாந்து 2013 ஏப்ரல் 1 அன்று எட்டுப் படைகளை ஒன்றாக்கியது. செலவைக் குறைக்க, கட்டுப்பாட்டு அறைகளையும் ஒவ்வொன்றாக மூடிச் சேர்த்தார்கள். 2015 ஜூலையில் ஒருவர் போன் செய்து, நெடுஞ்சாலை ஓரம் பள்ளத்தில் ஒரு கார் கிடக்கிறது என்றார். அழைப்பை எடுத்தவர் அதைக் கணினியில் ஏற்றவில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், காரை ஓட்டிய வாலிபர் இறந்துகிடந்தார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அப்போதும் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் கழித்து அவரும் இறந்தார். 2021இல் போலீஸ் அமைப்பே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது.

பழைய ஏற்பாட்டை மூடும் நாளுக்கும் புதியது பழகும் நாளுக்கும் நடுவில்தான் ஆபத்து. மலைச்சாலையில் இருக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். அவசர எண் 112க்கு அடித்தால் எடுப்பவருக்குக் குமுளி வளைவு எது, லோயர் கேம்ப் எது என்று தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் கோயில், பாலம், மைல்கல் எண் என்று ஏதாவது சொல்லுங்கள். சொன்னதைத் திரும்பச் சொல்லவும் கேளுங்கள்.

எல்லாரும் போலீஸ மாத்தணும்கிறீங்க. எங்க வீட்டுக்காரர் பதினாறு மணி நேரம் நிக்கிறாரே, அத யாரு கேட்பா?

ஒரு காவலரின் மனைவி, பிள்ளைக்குச் சாதிச் சான்று மனு எழுத வந்த இடத்தில் கேட்டது. கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பாரா, பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, திரும்பவும் பாரா. மகரவிளக்கு சமயத்தில் இந்த ரோட்டில் நிற்கிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தூங்காத மனிதரிடம் பொறுமையாகப் பேசு என்று பயிற்சி வகுப்பு நடத்தி என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் காவலர், ஏட்டு நிலையில் உள்ளவர்களுக்கு வார விடுமுறை என்று 2021இல் அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள ஸ்டேஷனில் அது பல வாரம் பேப்பரிலேயே நின்றுவிடும் என்கிறார் மச்சான். ஆர்டர்லி முறையும் அப்படித்தான். அதிகாரி வீட்டில் காவலர் காய்கறி வாங்கும் வேலையை 1979லேயே அரசாணை ஒழித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் நாற்பத்து மூன்று வருஷம். வட அயர்லாந்தில் இருந்த மாதிரி, நடந்ததா என்று கேட்க ஓர் ஆள் இங்கே இருந்திருந்தால் இவ்வளவு வருஷம் போயிருக்காது.

சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சுங்கிறாங்க. அப்புறம் ஏன் நடக்கல?

பிரகாஷ் சிங் வழக்கு. ஓய்வு பெற்ற டி.ஜி.பி. ஒருவர் 1996இல் போட்டது, 2006 செப்டம்பர் 22இல் தீர்ப்பு. டி.ஜி.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் குறைந்தது இரண்டு வருஷப் பதவிக்காலம், விசாரணைக்கும் சட்டம் ஒழுங்குக்கும் தனித்தனி ஆட்கள், புகார் ஆணையம் என்று ஏழு கட்டளைகள். மாநிலங்கள் சட்டம் போட்டன, ஆனால் ஒவ்வொன்றும் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

எல்லையில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கேரளச் சட்டத்தில் மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர். தமிழ்நாட்டின் 2013 சட்டத்தில் உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி.யும் உள்ளே உறுப்பினர். வீட்டுக்காரரிடமே வீட்டைப் பற்றிப் புகார் சொல்கிற ஏற்பாடு அது. கோர்ட் கேட்டது அதுவல்ல. இதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனமைத்ரி, புகார் ஆணையம் எல்லாம் இருந்தும் நெடுங்கண்டத்துல ஆள் செத்தாரே?

செத்தார். 2019 ஜூன், நம் இடுக்கி மாவட்டம். ஸ்டேஷனில் வைத்து அடித்து, பீர்மேடு கிளைச் சிறையில் ரிமாண்டில் இருந்தபோது உயிர் போனது. கேரளப் போலீஸ் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைப்பது அதைத்தான். முன்வாசலில் பீட் அதிகாரி சிரிக்கிறார், பின்னறையில் வேறு வேலை நடக்கிறது என்றால், மாற்றம் முன்வாசலோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பின்னறைக்குக் கேமரா என்றார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். பதிவை வைக்க டிஸ்க்கில் இடம் இருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், லாக்கப் உட்பட ஸ்டேஷன் முழுக்கக் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உள்ளே உரிமை மீறல் நடந்தால், அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. உங்கள் ஆளைக் கூட்டிப்போனார்கள் என்றால் தேதி, நேரத்தை அன்றே எழுதி வையுங்கள், அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அந்த மனுவுக்கு நான் காசு வாங்குவதில்லை.

பழைய தப்பையெல்லாம் கிளறாம மன்னிச்சு விட்டா, இனிமேலாவது ஒழுங்கா இருப்பாங்களே?

இதுதான் எனக்கு இன்னும் கஷ்டமான கேள்வி. ஹாங்காங்கில் 1974இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் வந்து போலீஸ்காரர்களை வரிசையாகப் பிடித்தது. 1977 அக்டோபரில் போலீஸ்காரர்களே திரண்டு போய் ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். ஒரு வாரத்தில் கவர்னர் இறங்கி வந்தார். அந்த வருஷம் ஜனவரி 1க்கு முந்தைய குற்றங்களில் பெரும்பாலானவற்றை இனி தொடர்வதில்லை என்று அறிவித்தார். அநியாயம்தான். ஆனால் ஆணையத்தை மூடவில்லை, புதுக் குற்றத்தைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. பிறகு அந்தப் போலீஸில் ஊழல் வெகுவாகக் குறைந்தது.

காசு வாங்கியதற்கு அப்படி ஒரு கோடு போடுவதை நான் ஒப்புக்கொள்வேன். காவலில் உயிர் போனதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் உட்கார்ந்து "போனது போகட்டும்" என்று எழுத என் பேனாவுக்கு வராது.

செக்போஸ்ட் பக்கத்துல செயினை அறுத்துட்டு அந்தப் பக்கம் ஓடிட்டா, எந்த ஸ்டேஷன்ல குடுக்குறது?

எதில் வேண்டுமானாலும். சில வருஷம் முன்னால் ஓர் அம்மா, கழுத்தில் நகக்கீறல் ஆறாமல் என்னிடம் வந்தார். ஒரு ஸ்டேஷனில் "சம்பவம் அங்கே நடந்தது" என்றார்களாம், அடுத்ததில் "ஆள் உங்க ஊர்க்காரன்" என்றார்களாம். இரண்டு நாள் செக்போஸ்டுக்கு இப்படியும் அப்படியும் நடந்திருக்கிறார். எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்று 2013லேயே சுற்றறிக்கை உண்டு. அது ரைட்டர் மேசைக்கு வந்து சேரவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே அது வந்துவிட்டது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும், வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்றால் நீங்கள் போகிற ஸ்டேஷன் பதிய வேண்டும், பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

போகும்போது மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீலும் தேதியும் எண்ணும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும்.